வாறன்

பண்ணை வீட்டு முற்றத்தில் சாருஜா சைக்கிளை நிறுத்தியபோது பின்னேரம்தான். ஆனால் ஜனவரி மாதத்து இருட்டு வயல்களை முழுதாக விழுங்கியிருந்தது. டென்மார்க்கின் ஸ்கீவ நகருக்கு வெளியே தனித்து நிற்கும் வீடு. வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் அவளுடைய வேலைநாள் எப்போதும் இங்கேதான் முடியும். கதவைத் திறந்ததும் உள்ளறைக் கட்டிலிலிருந்து சரோஜினிதேவி அம்மாவின் குரல் கேட்கும்.

"வந்திட்டியோ பிள்ளை?"

இன்று கேட்கவில்லை. காலையில் அவர் இறந்துவிட்டார்.

அறையின் யன்னல் அகலத் திறந்திருந்தது. மகன் ஆனந்தராஜா ஜாக்கெட்டோடு கதிரையில் இருந்தார்.

"நேர்ஸ் திறந்துவிட்டவ. உயிர் வெளியிலை போகட்டுமாம். இந்த நாட்டுச் சனத்தின்ரை வழக்கம்."

அவ்வளவு குளிரிலும் அம்மா பூசும் கோடாலித் தைலத்தின் மணம் கலையாமல் நின்றது. சாருஜா போர்வையைச் சரிசெய்தாள். அழுகை வருமென்று காத்திருந்தாள். கொட்டாவிதான் வந்தது. வெட்கத்தோடு வாயைப் பொத்திக்கொண்டாள். பகல் முழுக்கப் பிறரைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிட்டு வந்தவளுக்குள் துக்கப்படவென்று எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

அம்மாவுக்குத் தனிமை பயம். "உன்ரை சைக்கிள் கரியலிலை என்னையும் ஏத்திக்கொண்டு போவன்" என்று கெஞ்சுவார்.

"பொலிஸ் பிடிப்பான் அம்மா."

"நான் காத்துப் போலை இருக்கிறன். அவனுக்கென்ன தெரியப்போகுது?"

அதை நினைத்துக்கொண்டே கையுறையை மாட்டியவள், வாசலில் திரும்பி, தினமும் சொல்வதைச் சொன்னாள்.

"வாறன் அம்மா."

ஆனந்தராஜா நிமிர்ந்து பார்த்தார். "செத்தவீட்டிலை அப்பிடிச் சொல்லிப்போட்டு வெளிக்கிடுறேல்லையே, தங்கச்சி."

அவளுக்குத் தெரியாததல்ல. களைத்த வாய் முந்திக்கொண்டுவிட்டது.

பண்ணைப் பாதையில் விளக்குகள் இல்லை. சைக்கிளின் சிறிய வெளிச்சத்தில் உறைந்த சேறும் ஓரத்து ஊசியிலை மரங்களும் வந்து வந்து மறைந்தன. எங்கோ பன்றிக் கொட்டகையின் விசிறி முனகியது. மிதிக்க மிதிக்கக் கால்கள் கனத்தன. களைப்புத்தான் என்று நினைத்தாள். இறங்கி டயரை அழுத்திப் பார்த்தாள். காற்று இறங்கவில்லை.

மறுபடி ஏறினாள்.

கரியல் கிரீச்சிட்டது, பின்னால் இருப்பவர் ஒருவர் சற்று அசைந்து வசதியாக உட்கார்ந்ததைப் போல.

தைல மணம் வந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் பத்து வயது மகள் துவாரகா தனியாக இருக்கிறாள். உடம்பு எதையும் சுமக்கும். பழகிவிட்டது. ஆனால் இதை அந்தப் பிள்ளையிடம் கொண்டுபோக முடியாது. திரும்பிப் போய் வாசலில் விட்டுவிடலாமா? எதிர்காற்றில் அவ்வளவு தூரம் மிதிக்கக் காலில் வலுவில்லை.

பெரிய வீதிக்குத் திரும்பும் முடக்கில் காலை ஊன்றி நின்றாள். பிறந்ததிலிருந்து யாரிடமும் விடைபெறச் சொல்லாத சொல்லைச் சொன்னாள்.

"அம்மா, நான் போறன்."

காதுக்குப் பின்னால், மூச்சின் சூடே இல்லாமல், மறுமொழி வந்தது.

"வாறன்."

விடைபெறுகிறவர்களும் அப்படித்தானே சொல்வார்கள். அந்த நினைப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். சைக்கிள் சட்டென்று இலேசானது. முதல் தெருவிளக்கின் கீழ்தான் தைரியம் வந்து திரும்பிப் பார்த்தாள். கரியலில் ஒருவருமில்லை. இப்போதுதான் அழுகை வந்தது. அழுதபடியே வீடுவரை மிதித்தாள்.

கதவைத் திறந்த துவாரகா வழக்கம்போல டேனிஷில் முறையிட்டாள். மேலே சாருஜாவின் அறை யன்னல் பூட்டப் பூட்டத் திறந்துகொள்கிறதாம். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் தொடங்கியதாம்.

"காத்தாயிருக்கும்" என்றாள் சாருஜா.

வெளியே காற்று அடங்கிப்போயிருந்தது; ஒரு கிளைகூட அசையவில்லை.

"நீ கீழை இரு. என்ன கேட்டாலும் மேலை வராதை."

படிகளில் ஏறினாள். அறை இருட்டாகவும் குளிராகவும் இருந்தது. தைல மணம். வேலை இன்னும் முடியவில்லை என்று உடம்புக்கு விளங்கிவிட்டது. உள்ளே போய், மகளுக்குக் கேட்காதபடி கதவை மெல்லச் சாத்தினாள்.

கை சுவிட்சைத் தேடுமுன், கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"வந்திட்டியோ பிள்ளை?"