பதினோராவது தலை

புது சூப்பர்வைசர் காலையில் ஷெட்டுக்குள் நுழைந்ததும் செய்த முதல் வேலை, ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரியது. வந்த அரை மணி நேரத்திலேயே பெண்கள் அவனுக்குச் ‘சீப்பு’ என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பழைய தகரக் கூரை. சூடான பிளாஸ்டிக் நாற்றம். ரோலர்களில் பிளாஸ்டிக் தாள் உரசி ஓட ஓட, கிட்டே நிற்பவர்களின் முடி ஒவ்வொன்றாக எழும்பும். இரும்பில் கை பட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கும். அதனால் மெஷினைப் போடுமுன் பதினோரு பெண்களும் வரிசையாக நின்று, பக்கெட்டில் கை நனைத்து, முன்னால் நிற்பவளின் முடியை அழுத்தித் தடவித் துணியால் கட்டிவிடுவார்கள்.

"என்னம்மா இது, பேன் பாக்குற சங்கமா?"

"முடி பறந்தா ரோலர் இழுத்துக்கும் சார்," என்றாள் முதலில் நின்ற பெரியக்கா. "போன வருஷம் கடைசியா நின்னவளுக்குத் தடவ ஆள் இல்ல. தானே தடவிக்கப் போனா. உங்களுக்கு முன்னாடி இருந்தவரு, நேரமாச்சுன்னு சுவிட்சப் போட்டாரு. தலைத்தோலோட போச்சு. அன்னிக்கே செத்துட்டா."

"சரி, இப்ப கடைசி ஆளுக்கு யாரு தடவுறா?"

கடைசிப் பெண் மெல்லத் திரும்பி நின்றாள். அவளுக்குப் பின்னால் வெறும் சுவர். அவள் தலையோ படியப் படிய ஈரமாக இருந்தது.

சீப்புக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வேலைய ஏய்க்க இப்படி ஒரு பேயா?" பக்கெட்டை எட்டி உதைத்தான். சுவிட்சைப் போட்டான்.

ஒருத்தியும் நகரவில்லை.

"தைரியம் இருந்தா நீங்களே ஓட்டுங்க சார்," என்றாள் பெரியக்கா.

"இத ஓட்ட என்ன பெரிய படிப்பா வேணும்?" தாளைச் சரிசெய்யக் குனிந்தான். ஷாம்பு போட்டு அலசிய முடி, கோழிக்குஞ்சின் ரோமம்போலக் கிளம்பியது. ரோலரை நோக்கிச் சாய்ந்தது.

சரசர.

நெற்றியில் ஏதோ பட்டது.

ஈரம்.

ஒரு உள்ளங்கை, நெற்றியிலிருந்து பிடரிவரை நிதானமாகத் தடவிவிட்டது.

விருட்டென்று திரும்பினான். பெண்கள் பத்தடி தள்ளித்தான் நின்றார்கள். எல்லோர் கையும் முந்தானைக்குள்.

மறுநாள் மொட்டையடித்து வந்தான். "உடம்புச் சூடு," என்றான், யாரும் கேட்காமலே. கையில் புதுப் பக்கெட் ஒன்று.

"முடி போனா போகுது சார்," என்றாள் பெரியக்கா. "தலை இருக்குல்ல."

பதினோரு பெண்களும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து கடைசிப் பெண்ணின் தலை தானாக ஈரமாவதில்லை. பெரியக்காதான் பின்னால் போய் அவளுக்கும் தடவிவிடுகிறாள். சீப்பு ரோலர் பக்கம் போவதே இல்லை. சுவிட்சைப் போட்டுவிட்டுச் சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொள்கிறான்.

முதுகுக்கும் சுவருக்கும் நடுவே தினமும் அந்தக் கை வருகிறது. மழித்த தலையை நெற்றியிலிருந்து பிடரிவரை தடவிவிட்டுப் போகிறது.

இன்று காலை அது பிடரியோடு நிற்கவில்லை. கழுத்தை வளைத்துப் பிடித்து, ஓடிக்கொண்டிருந்த ரோலர் பக்கமாக ஓர் அடி நடத்தியது.