காலடியில் என்ன?

பின்னால் தண்ணீர் சலசலக்கும் சத்தம் நின்றுவிட்டது. தம்பியின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"ஜெனோ, வாறியோ?"

"ஓம் அக்கா."

அன்ரனிட்டா கயிற்றை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். துடுப்புப் பலகையில் நின்றபடியே கடலில் போய், ஆளில்லாத மணல்திட்டியில் கூடாரமடித்துப் படுத்தெழும்பும் இந்த விளையாட்டு, ஜெனோசன் ரொறன்ரோவிலிருந்து கொண்டுவந்தது. கரம்பொன் கரையிலிருந்து வெளிக்கிட்டபோது நல்ல வெயில். பொழுதுபடத் தண்ணீர் வற்றிப் பலகைகள் தரைதட்டிவிட்டன. இறங்கி, இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி இழுத்தார்கள். முன்னால் அவள். கடைசியில் அவன், பின்பலகையின் பாதுகாப்புக் கயிறு கணுக்காலில் மாட்டியபடி.

அவனுக்கு நீந்தத் தெரியாது. "அவனை உன்ர கையிலதான் தாறன் பிள்ளை," என்று தாய் ஞானசவுந்தரி படலைவரை வந்து சொன்னாள். முப்பது வயதுக் கழுதையைக் கையில் தருகிறாளாம் என்று அப்போது சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை.

செத்துப்போன தகப்பன் யாக்கோப்பு ஆழமில்லாத இந்தப் பரவைக்கடலில் இருட்டில் நடந்து வலை வைத்தவர். முன்னால் போகிறவர் "காலடியில என்ன?" என்று கேட்பார். பின்னால் வருகிறவர் மணல், சேறு, சாதாளைப் புல் என்று மிதிப்பதைச் சொல்லவேண்டும். வெறும் ஓம் வந்தால் எல்லோரும் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். "ஓம் எண்டு ஆரும் சொல்லலாம்," என்பார். "நிலத்தில கால் உள்ளவன்தான் நிலத்தைச் சொல்லுவான்."

இன்றும் அவள் அப்படித்தான் கேட்டுக்கொண்டு வந்தாள். மணல் என்றான். சேறு என்றான். பிறகு "பீற்சா" என்றான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன்பிறகு அவளுக்கே வெட்கமாகிப்போய், "வாறியோ" என்று மட்டும் கேட்டாள். ஆழமறியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழம் அறிந்தவள்தான், ஒரு கேலிக்காக வாயை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பள்ளம் வந்தது. மார்பளவு தண்ணீர். பலகையைப் பிடித்துக்கொண்டு கடந்தாள். அவனும் பிடித்துக்கொண்டு வருவான் என்று நினைத்தாள். அவன் அவளைவிட உயரம்.

இப்போது முழங்கால் தண்ணீர். கரம்பொன் கோயிலின் அந்திநேரத் திருந்தாதி மணி அடித்து ஓய்ந்திருந்தது. அழுகிய சாதாளையின் வாடை தொண்டைவரை இறங்கியது, அதற்கடியில் வேறொரு வாடை, நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்ததுபோல. அவளுடைய கால்கள் தண்ணீரைக் கிழிக்கிற சத்தம் தவிர வேறொரு சத்தமும் இல்லை. கயிறு தோளை அறுத்தது. பலகையில் ஏறிப் படுத்திருப்பான், சோம்பேறி என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"பலகையில ஏறிட்டியோ?"

"ஓம் அக்கா."

"துடுப்பு எங்கயடா?"

"ஓம் அக்கா."

அவளுக்குப் பயமாக இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. ஐந்தாறு எட்டில் திட்டியின் வெள்ளை மணல் தெரிந்தது. ஓடிக் கரையேறினாள். கயிற்றை விடவில்லை. அதன் மறுமுனையில் தம்பி.

கடலைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஜெனோ. காலடியில என்ன?"

கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். காற்று இல்லை.

"சொல்லடா. காலடியில என்ன?"

அது யோசித்தது.

"ஜெனோசன்," என்றது.

திரும்பி ரோச் அடித்தாள். வெளிச்சம் தண்ணீரில் ஓடியது. முதல் பலகை. கூடாரப் பை. இரண்டாம் பலகை, வெறுமையாக. அதன் வாலிலிருந்து பாதுகாப்புக் கயிறு விறைப்பாகப் பின்னால் போனது. பள்ளம் வரைக்கும். பள்ளத்தின் நடுவில் ஆரோ நின்றார்கள்.

அவளுக்கு மார்பளவு வந்த இடம். அதற்குக் கணுக்கால் அளவு.

கயிறு அதன் பாதங்களுக்குக் கீழே இறங்கியது. கீழே ஏதோ உதறியது. கயிறு துடித்தது. உயிரோடிருக்கிறான்.

"தம்பி!"

இழுத்தாள். உள்ளங்கை கிழிய இழுத்தாள். அசையவில்லை. அது மெல்லக் குந்தியது. பாரத்தைக் கீழே அழுத்தியது.

கயிறு ஒருமுறை உதறியது.

இன்னொருமுறை.

பிறகு தளர்ந்தது. அது எழும்பி, கணுக்கால் நனைய, அவளை நோக்கி முதல் அடியை வைத்தது.

"வாறன் அக்கா," என்றது, ஜெனோசனின் குரலில்.