முதல் பொத்தான், இரண்டாவது துளை

“ஐயோ... மிஸ்ஸ்ஸ்...!”

அலறியது பணிப்பெண் மேபல்.

சோபாவில் அவளுடைய எஜமானி ரோஸமண்ட் செத்துக் கிடந்தாள். வயது பத்தொன்பது. நாளைக் காலையில் கல்யாணம். மறுநாள் மாப்பிள்ளை ராணுவத்துக்குக் கிளம்புகிறான்.

லண்டன். செப்டம்பர் 2, 1939. யுத்தம் எந்த நேரமும் மூளலாம்; ஊர் முழுக்க அவசரக் கல்யாணங்கள், ஆளுக்கொரு விஷவாயு முகமூடி!

இன்ஸ்பெக்டர் கிராப் டீக் கோப்பையை முகர்ந்தார்.

“சயனைடு... தோட்டத்துல குளவிக்கூட்டுக்கு வைக்கிறது. டீ யாரும்மா கொண்டாந்தது?”

“நான்தான் சார்...”

“அப்புறமென்ன? கிளம்பு!”

எதிர் நாற்காலியில் விசும்பினாள் வெனிஷியா. ரோஸமண்டின் தோழி. பிரபுவின் மகள். விஷவாயு முகமூடிப் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“தோட்டத்துல இருந்தேன்... அலறல் கேட்டு ஓடி வந்தேன்... இந்தப் பாவி!”

கிராப் விலங்கை எடுத்தார்.

“தூக்குதானே சார்?” என்றாள் மேபல்.

“பின்னே, மெடலா?”

“அதுக்கு முன்னாடி மிஸ் கையைப் பாருங்க. நான் டீ வெச்சப்போ கையுறை மேஜை மேல கிடந்துச்சு. கையுறையோட யாராவது டீ குடிப்பாங்களா?”

பிணத்தின் இரு கைகளிலும் வெள்ளைக் கையுறை!

“நீயே மாட்டியிருப்பே.”

“ஆறு வருஷமா தினம் மாட்டுறேன் சார். தூக்கத்துலகூடத் தப்பாது. இங்க பாருங்க... முதல் பொத்தான் ரெண்டாவது துளையில!”

கிராப் கையுறையை உருவினார்.

விரல் வெறுமை. நிச்சய மோதிரம் இல்லை!

“ஓ... அதை மறைக்கத்தான் கையுறையா?”

“திருட்டுக் கழுதை!” சீறினாள் வெனிஷியா. “மோதிரம் எங்கேடி?”

கிராப் மெல்லத் திரும்பினார்.

“மிஸ், உங்க கையுறைக்குப் பொத்தான் போடுறது யாரு?”

“என் பணிப்பெண். வேற யாரு?”

“இதை மேபல் கையில மாட்டிக் காட்டுங்க.”

“வேலைக்காரி கையிலயா!”

“கொஞ்சம் பொறுத்துக்குங்க.”

வெனிஷியா எழுந்தாள். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். விரல்கள் தடுமாறின. முதல் பொத்தான்...

இரண்டாவது துளை!

வெடுக்கென்று கையை இழுத்தாள். பெட்டி நழுவி விழுந்து திறந்தது. முகமூடிக்குள்ளிருந்து உருண்டு வந்தது... மோதிரம்!

“அவன் என்னோடவன்!” வெனிஷியா கத்தினாள். “யுத்தம் வந்தா கல்யாணம் தள்ளிப்போகும்னு காத்திருந்தேன்... இவ நாளைக்கே கட்டிக்கிறேன்னுட்டா!”

விலங்கு வேறு கைகளில் ஏறியது.

மேபல் ரோஸமண்டின் கண்களை மூடிவிட்டு வெனிஷியாவைப் பார்த்து நிமிர்ந்தாள்.

“சீக்கிரம் பழகிக்குங்க மிஸ். ஜெயில் கவுனுக்கும் பொத்தான் உண்டு... போட்டுவிடத்தான் ஆள் கிடையாது!”