சுபேதாரின் காதுக்குப் பின்னால்

ராஜபாளையத்தில் நாய்க்கு முடிவெட்டும் கடை வைப்பது, குற்றாலத்தில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது மாதிரி. ஊர்ப் பெயரையே தாங்கிய நாய் ஒன்று இங்கே இருக்கிறது. இடுப்புயரம், பால் வெள்ளை, ஒட்ட முடி. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் அதன் அலங்காரம் முடிந்தது. அதை வளர்க்கிறவர்கள் ஸ்டெபினின் கடையைக் கடக்கும்போது பரிதாபமாக ஒரு பார்வை பார்ப்பார்கள்.

அவனுக்கு முப்பத்தொரு வயது. தலையில் முடி பாதி போய்விட்டது. "ஊர் நாய்க்கெல்லாம் வளருது, ஒனக்கு ஏம்ல கொட்டுது?" என்று எதிர் டீக்கடை பால்சாமி தினமும் கேட்பார். தினமும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பார்.

ஓர் ஐப்பசி மழையில் அவள் வந்தாள். துப்பட்டாவுக்குள் ஏதோ நெளிந்தது. அவன் முதலில் பார்த்தது கண்களைத்தான்... இரண்டு ஜோடி. ஒரு ஜோடி கருப்பாக, ஈரமாக, யாரையும் நம்பாமல் இருந்தது. இன்னொரு ஜோடி நாயினுடையது.

"பேரு?"

"கார்த்திகா."

"நாய் பேரக் கேட்டேங்க..."

"சுபேதார்."

"மூணு கிலோ தேறாது. இதுக்கா சுபேதாரு?"

"எங்கப்பா பட்டாளத்துல ஹவில்தாராவே ரிடையர் ஆனவரு. வீட்லயும் தனக்கு மேல ஒரு ஆள் இருக்கட்டும்னு வச்சாரு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. யார்க்‌ஷயர் டெரியர் ஜாதி நாய், பொன்னும் சாம்பலும் கலந்த பட்டு முடி. முழுக்கச் சடை.

"உண்ணி தாங்க முடியல. உடம்பு பூரா வெட்டிருங்க. இடது காதுக்குப் பின்னால ஒரு சிடுக்கு இருக்கும்... அத மட்டும் தொடாதீங்க. அம்மாவ கண்ணாஸ்பத்திரில விட்டுட்டு வந்திருக்கேன். போய்ப் பாத்துட்டு செத்த நேரத்துல வாரேன்."

ராஜபாளையத்தில் அந்த வயதுப் பெண்கள் எல்லோரும் அவனை அண்ணே என்பார்கள். இவள் சொல்லவில்லை. அவள் போன பிறகு ஐந்து நிமிடம் அவன் அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தான். பிறகு கத்தரியை எடுத்தான்.

அவள் சொன்னது தெளிவாகவே காதில் விழுந்திருந்தது. ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் ஏதாவது சொல்வார்கள். மீசையைத் தொடாதே, வாலைத் தொடாதே என்பார்கள். அவன் அந்தச் சிடுக்கைத் தூக்கிப் பார்த்தான். எலுமிச்சங்காய் அளவு, தோலோடு இறுகியிருந்தது. அடியில் சிவந்து, கசிந்து, உண்ணிகள் அப்பியிருந்தன. பத்து வருடத் தொழில்காரன்... அவளுக்கு என்ன தெரியும் என்று ஒரு சின்னத் திமிர். வெட்டினான். மருந்து போட்டான். மற்ற முடியை மூட்டையில் தள்ளிவிட்டு, உண்ணி அப்பிய அந்தச் சிடுக்கை மட்டும் பின்வாசல் தகர டின்னில் போட்டுக் கொளுத்தினான். வைத்திருந்தால் கடை முழுக்க உண்ணி ஏறிவிடும்.

திரும்பி வந்தவள் கத்தவில்லை. நாயின் காதுக்குப் பின்னால் விரலை வைத்தாள். அந்த விரல் அங்கேயே நின்றது.

"தொடாதீங்கன்னேன்ல."

"அடியில புண்ணுங்க. விட்டிருந்தா புழு வச்சிருக்கும்."

"அது எங்கப்பா கை."

அவனுக்குப் புரியவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள். அவள் அப்பா பாண்டிதுரை வாதம் வந்து இரண்டு வருடம் கட்டிலில் கிடந்தார். பேச்சு போய்விட்டது. வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் அசைந்தன. சுபேதார் பக்கத்திலேயே படுத்திருக்கும். அந்த இரண்டு விரல்களால் அதன் காதுக்குப் பின்னால் முடியை முறுக்கி முறுக்கி... அந்தச் சிடுக்கு அப்படித்தான் விழுந்தது. அவர் எரிந்து நாற்பது நாள் ஆகிறது.

"வெட்டுனது வெட்டுனதாப் போகட்டும். அந்த முடியக் குடுங்க."

பின்வாசலில் டின் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அப்பாவை எரித்து நாற்பது நாளே ஆனவளிடம், அதையும் எரித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"மூட்டையில கலந்துருச்சுங்க. தேடித் தாரேன்."

இரண்டு நாள் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். சுபேதாரின் மற்ற முடியைச் சேர்த்து, எண்ணெய் தொட்டு, இரண்டு விரல்களால் முறுக்கினான். வாதம் வந்தவர் எப்படி முறுக்குவார் என்று யோசித்து யோசித்து முறுக்கினான். இவ்வளவு அக்கறையாக அவன் எந்த நல்ல காரியத்தையும் செய்ததில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் பஸ் ஏறிப் போனான். அன்றும் மழை. கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்று அவள் அதை வாங்கினாள். உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஏழு நாய் முடிங்க... ஒண்ணொண்ணா பிரிச்சேன்."

அப்போதுதான் அவள் முதன்முதலாகச் சிரித்தாள். மழை, கடை, மருந்து வாசனை எல்லாம் ஒரு கணம் நின்றுவிட்டதுபோல அவனுக்கு இருந்தது... அவள் அதை அப்பாவின் காலித் தைல டப்பாவில் போட்டு மூடினாள். அந்த மூடி விழுந்த சத்தம் மட்டும் அவன் கூடவே ஊருக்கு வந்தது.

அப்புறம் மாதம் ஒரு தடவை சுபேதார் வந்தது. பிறகு மாதம் இரண்டு தடவை. மூன்று கிலோ நாய்க்கு இருபது நகம்கூடக் கிடையாது; இருந்தும் நகம் வெட்ட என்று தனியாக ஒரு நாள் வந்தாள்.

"நேத்து பால்கோவா குடுத்தீங்களா இவனுக்கு?" என்று அவன் கேட்டான்.

"துளிதான்."

"துளிக்கா இம்புட்டு வயித்தால போகுது?"

"சரி, கால் கிலோ. அவனுக்குப் பொறந்தநாளு."

"எனக்கும் போன வாரம் பொறந்தநாளுதான். ஒரு துளி வரலையே..."

"நீங்க குலைச்சிருந்தா தந்திருப்பேன்."

சீப்பு நாயின் முதுகில் ஓடும். அவள் கண்கள் சீப்பின் கூடவே ஓடும். அவன் நாயைப் பார்த்தே பேசுவான். அவளும் நாயைப் பார்த்தே பதில் சொல்வாள். எதிர்க்கடையிலிருந்து பால்சாமி, "ஏலே, அந்த நாய்க்கு முடி மிச்சம் இருக்கா?" என்று கேட்பார்.

மாசியில் ஒரு நாள் அவள் நாய் இல்லாமல் வந்தாள்.

"வீட்ல மாப்பிள்ளை பாத்திருக்காங்க. மம்சாபுரம். போலீஸ்ல இருக்காரு."

அவன் சுத்தமாக இருந்த சீப்பைத் துடைத்தான்.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன்... ஒருத்தரு இருக்காருன்னு. சர்ச்சுக்குப் போற வேதக்காரவுகன்னதும் அம்மா அழுதாங்க. பொறவு, 'அந்தப் பையங்கிட்ட அப்படி என்னத்தட்டி கண்ட?'ன்னு கேட்டாங்க. நான் டப்பாவைத் திறந்து காட்டினேன். ஏழு நாய் முடியில எங்கப்பா கையத் தேடி எடுத்துக் குடுத்த மனுசன்னு சொன்னேன். அம்மா அத தொட்டுக் கும்பிட்டாங்க."

தொட்டுக் கும்பிட்டார்கள்... அவன் விரல்கள் முறுக்கிய முடியை.

சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்தால் கல்யாணமே நடந்திருக்கலாம். வாழ்நாள் முழுக்க வீட்டில் ஒரு டப்பா இருந்திருக்கும். அவன் அதற்கு முன்னால் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான்.

"அது உங்கப்பா முறுக்குனது இல்ல."

அவள் பார்த்தாள்.

"நான் முறுக்குனது. உங்கப்பாவோடத... அன்னைக்கே எரிச்சுட்டேன். உண்ணி இருந்துச்சு. நீங்க கேக்கும்போது வெளிய டின்னுல புகைஞ்சுட்டிருந்துச்சு."

வெளியே ஒரு மினிபஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"நாலு மாசமா தலைமாட்டுல வச்சுப் படுத்திருக்கேன்" என்றாள். பிறகு, "அப்பாவ ரெண்டு தடவ எரிச்சாச்சு" என்றாள்.

பையிலிருந்து தைல டப்பாவை எடுத்தாள். முடிச்சை மேசைமேல் கொட்டிவிட்டு டப்பாவை மட்டும் திரும்பப் பையில் போட்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். கண்கள் நிறைந்து தளும்பி நின்றன...

"வேற ஏதாச்சும் சொல்லணுமா?"

சொல்ல இருந்தது. ஒன்றே ஒன்று இருந்தது. ஆனால் பொய்யன் என்று இப்போதுதான் ஒப்புக்கொண்ட வாயால் அதைச் சொன்னால் அதுவும் பொய்யாகத்தானே கேட்கும்?

"இல்லங்க."

வாழ்நாளில் அவன் சொன்ன இரண்டாவது பெரிய பொய். இதற்கு முறுக்க முடிகூடத் தேவைப்படவில்லை.

சித்திரைக் கடைசியில் சுபேதார் வந்தது. தூக்கி வந்தது அவள் அம்மா சுந்தரம்மாள்.

"வைகாசி பன்னெண்டு முகூர்த்தம் தம்பி. இவனும் அவகூட மம்சாபுரத்துக்குப் போறான். நல்லா வெட்டி விடு." நாயின் தலையைச் சாய்த்துக் காட்டினார். "இந்தச் சிடுக்கையும் எடுத்துரு. மாப்பிள்ளை வீட்டுக்குச் சிடுக்கோட போனா நல்லாவா இருக்கும்? எந்நேரமும் இவன மடியில போட்டு இதையே முறுக்கிட்டுக் கெடக்கா. அவிய அப்பா மாதிரியே."

இடது காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு. புளியங்கொட்டை அளவு. புதுசு.

"அவங்க... எடுக்கச் சொன்னாங்களா?"

"அவ ஒண்ணும் சொல்லல. அந்தக் கடைக்கே கொண்டு போன்னு மட்டும் சொன்னா."

மேசையில் கத்தரி இருந்தது. அவன் முடிச்சைத் தூக்கி அடியில் பார்த்தான். தோல் சுத்தமாக இருந்தது. உண்ணி இல்லை, புண் இல்லை. வெட்ட ஒரு காரணமும் இல்லை.

"இருக்கட்டும்மா. இதால ஒண்ணும் ஆகாது."

சுந்தரம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னைக்கு வேணாம் வேணாம்ன்னப்ப வெட்டுன" என்றார். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எதிர்க்கடைக்குப் போனார்.

மீதி முடியை வெட்டினான். குளிப்பாட்டினான். துவட்டினான். அந்த முடிச்சை மட்டும் ஈரம் படாமல் இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டான். கடையில் யாரும் இல்லை. குனிந்து, முடிச்சுக்கு முன்னால் இருந்த அந்தச் சின்னக் காதில், மாசியில் சொல்லாமல் விட்டதைச் சொன்னான். ஒரு வார்த்தை விடாமல் சொன்னான்.

சுபேதார் அசையாமல் கேட்டது. பிறகு, காதுக்குள் எது போனாலும் நாய்கள் செய்வதைத்தான் செய்தது. தலையைப் படபடவென்று சிலுப்பி எல்லாவற்றையும் உதறிவிட்டு, அடுத்தது என்ன என்று அவனைப் பார்த்தது.