பன்னிரண்டு குப்பிகள்

"மார்ச் 12. சிறு தவறு: நேற்றைய வண்டிப் பதிவில் முப்பது லிட்டர் டீசலை முப்பத்தெட்டு என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன்."

பதிவேட்டில் இதை எழுதிவிட்டு அவள் நிமிர்ந்தபோது, மேசைக்கு எதிரே டிரைவரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"தங்கச்சி, நீதானே இங்க எல்லா வண்டியையும் அனுப்புற? மருந்தைக் கெடுத்துட்டார்னு எங்க வீட்டுக்காரரைச் சாயங்காலம் வேலையை விட்டுத் தூக்கப் போறாங்களாம். வழியில ரெண்டு மணி நேரம் தூங்கினார், நிஜம்தான். ரெண்டு ராத்திரி கண்ணு மூடல அந்த மனுஷன். ஆனா பெட்டியை நிழல்ல வெச்சுட்டுத்தான் தூங்கினாராம். பொய் ஜோடிக்கிற அளவுக்கு அவருக்கு மூளை கிடையாதும்மா."

காட்டுநாய்ப் பாதுகாப்புத் திட்டத்தில் வண்டி, ஆள், மருந்து, சாப்பாடு, எது எங்கே எப்போது போக வேண்டும் என்று பார்ப்பது அவள் வேலை. சேர்ந்து மூன்று மாதம். எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுவதால் அலுவலகத்தில் அவள் பெயரே 'பட்டியல்' ஆகிவிட்டது.

காட்டுக்குள் வெறிநோய் புகுந்திருந்தது. மலையின் அந்தப் பக்கம் இருந்த கூட்டத்தில் ஒரு நாய்கூட மிஞ்சவில்லை. இந்தப் பக்கம் பதினொரு நாய்கள் மிச்சம். அவற்றுக்காகப் பன்னிரண்டு குப்பி தடுப்பூசி வந்தது; நாய்க்கு ஒரு குப்பி. நேற்று முகாமில் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் பேக்குகள் உருகித் தண்ணீராகிக் கிடந்தன. ஒரு குப்பி விரிசல் விட்டிருந்தது. ஊசி போட மறுத்து, பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவள் நேராகக் கால்நடை மருத்துவரிடம் ஓடினாள். ஐம்பதைத் தாண்டிய அந்த அம்மாளுக்குக் குரலை உயர்த்தத் தெரியாது.

"டாக்டர், அந்த அண்ணன் மேல தப்பு இல்ல. நிரூபிக்கணும்."

"முதல்ல பார்ப்போம். நிரூபிக்கிறது அப்புறம்."

மாலை நான்கு மணிக்கு மருந்து அறையில் இயக்குநர், டிரைவர், ஸ்டோர்காரர், அவள் என்று நான்கு பேரையும் டாக்டர் கூட்டினார். பெட்டிக்குள் குப்பிகள் மூன்று வரிசையாக, வரிசைக்கு நான்காக இருந்தன. வெளியே எடுக்கும் முன் ஒவ்வொன்றிலும் அதன் இடத்தைக் குறித்தார். பிறகு ஒவ்வொன்றாகக் குலுக்கி மேசையில் வைத்துவிட்டு, கைகட்டி உட்கார்ந்துவிட்டார்.

"என்ன டாக்டர், காபி ஆத்துறீங்களா?" என்றார் இயக்குநர்.

"கொஞ்சம் பொறுங்க. அதுக்குள்ள இதைப் பாருங்க. குப்பி மேல வெள்ளைக் கட்டம் ஒண்ணு இருக்கா? சூடு பட்டா கறுத்துடும். ஒண்ணாவது கறுத்திருக்கா?"

ஒன்றுகூடக் கறுக்கவில்லை.

இருபது நிமிடத்தில் பத்துக் குப்பிகளின் அடியில் வெள்ளையாகத் துகள் படிந்தது. இரண்டு மட்டும் கலங்கிய பால் போல அப்படியே இருந்தன. பெட்டியின் நடுவில் இருந்த இரண்டு.

"சூட்டுல கெட்ட மருந்து இப்படிப் படியாது. உறைஞ்சதுதான் படியும். உறைஞ்சா விரியும், அதான் ஒரு குப்பி வெடிச்சிருக்கு. ஐஸ் பேக் பக்கம் இருந்த பத்தும் போச்சு. நடுவுல இருந்த ரெண்டும் தப்பிச்சுது."

டிரைவர் ஓரடி முன்னால் வந்தார். "அப்ப நான் தூங்கினது?"

"நீ தூங்கும்போது ஐஸ் கரைஞ்சிட்டு இருந்திருக்கும். மருந்து கிளம்பின கொஞ்ச நேரத்துலயே செத்துப் போச்சு."

பட்டியலுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. டாக்டர் ஸ்டோர்காரர் பக்கம் திரும்பினார்.

"ஐஸ் பேக்கை எப்ப வெளிய எடுத்தே?"

"எப்பவும் போலத்தான்." அவர் கூரையைப் பார்த்தார். "எட்டரைக்கு வந்ததும் எடுத்து மேசைல வெப்பேன். காதுகிட்ட ஆட்டினா உள்ள தண்ணி சளக்குனு கேக்கணும். அதுக்கப்புறம்தான் பெட்டிக்குள்ள வெப்பேன், இல்லேன்னா மருந்து உறைஞ்சிடும்."

டாக்டர் பதிவேட்டைப் புரட்டினார். "வண்டி எட்டு மணிக்கே போயிருக்கேப்பா."

அவளுடைய அழகான கையெழுத்துதான் அது.

தேங்காய் வாங்குபவரைப் போல ஒவ்வொரு பேக்கையும் ஸ்டோர்காரர் காதில் வைத்து ஆட்டுவதை அவள் பார்த்திருக்கிறாள். சும்மா பொழுதைக் கழிக்கிறார் என்று நினைத்தாள். வெயிலுக்கு முன்னால் மருந்து போய்ச் சேரட்டும் என்று கிளம்பும் நேரத்தை ஒன்றரை மணி முன்னே தள்ளினாள். ஏழரைக்கே வந்து, இருப்பதிலேயே இறுகிய பேக்குகளாகப் பொறுக்கித் தானே அடுக்கி மூடினாள். அவளுடைய பட்டியலில் இருபத்திரண்டு வேலைகள் இருந்தன. பேக்கை வெளியே எடுத்து வைப்பது அதில் இல்லை. அதை யாரும் எங்கும் எழுதியதும் இல்லை.

"நான்தான் சார் அவசரத்துல..." என்று ஸ்டோர்காரர் ஆரம்பித்தார்.

"இல்ல. நான்தான்," என்றாள் அவள். "கல்லு மாதிரி இருந்தா நல்லதுன்னு நெனச்சேன்."

இயக்குநர் சட்டைப்பையிலிருந்து டிரைவரின் வேலைநீக்கக் கடிதத்தை எடுத்துக் கிழித்தார். "புது மருந்து எப்ப வரும்?"

"ஏழு வாரம் ஆகும்," என்றார் டாக்டர். "நோய் இந்தப் பக்கம் வர மூணு வாரம்கூட வேண்டாம்."

"சார், என்னை வேலையை விட்டு அனுப்பிடுங்க," என்றாள் அவள்.

"அனுப்பிட்டு? நாளைக்கு வண்டியை யார் அனுப்புறது?"

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "ரெண்டு குப்பி யாருக்கு டாக்டர்?" என்று கேட்டாள்.

"கூட்டத்தை நடத்துற பெரிய பெண் நாய்க்கு ஒண்ணு. அதோட மகளுக்கு ஒண்ணு."

"மத்ததுக்கு?"

டாக்டர் குழாயைத் திறந்து கைகழுவத் தொடங்கினார்.

வாசலில் டிரைவரின் மனைவி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "உன்னாலதான் தங்கச்சி எங்க அடுப்பு எரியுது. நீ நல்லா இருக்கணும்." கையை விடுவித்துக்கொள்ள அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணாக விடும்வரை நின்றாள்.

பிறகு மேசைக்குத் திரும்பிப் பதிவேட்டில் எழுதினாள்:

"மார்ச் 13. வண்டி காலை 9.30. தடுப்பூசி இரண்டு குப்பி. ஸ்டோர்காரர் அடுக்குவார். அதே வண்டியில் முகாமுக்கு மண்வெட்டி நான்கு, ரப்பர் கையுறை ஒரு பெட்டி, சுண்ணாம்பு குழிக்கு ஒரு மூட்டை வீதம் ஒன்பது மூட்டை."