சாய்ந்த எழுத்துகள்

சாய்வு அளக்கும் தகரக் கோணம் பொருந்தவில்லை.

பளீல் அதை மறுபடி எழுத்தின் விளிம்பில் வைத்துப் பார்த்தார். நேற்று அந்தத் தகரத்தை வைத்துத்தான் பலகையில் கோடு கீறி, அறுத்து, அரத்தால் தேய்த்திருந்தார். இன்று தகரத்துக்கும் மரத்துக்கும் இடையில் நகம் நுழைந்தது. எழுத்து கூடுதலாகச் சாய்ந்திருந்தது.

ஈரம், என்று நினைத்தார். மஹய்யாவையில் ஒரு கிழமையாக வெயில் இல்லை.

திருகோணமலை வீதியில் எழும்பும் பேசும்பட மண்டபத்தின் நெற்றியில் நிறுத்த வேண்டிய ஆங்கில எழுத்துகள் அவை. ஒவ்வொன்றும் இடுப்பளவு உயரம். மண்டபத்துக்காரர் ஹுஸைன் தமக்கு வேண்டியதை நின்றபடியே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"பழைய எழுத்தெல்லாம் சப்பாத்து போட்டுக்கிட்டு நிக்கிது நானா. எனக்கு அது வேணாம். தடிப்பா இரிக்கோணும். வெறுங்காலோட ஓடோணும். சந்தியில நிக்கிறவனுக்கும் தெரியோணும்."

பளீலுக்கு அது பிடித்திருந்தது. முனைகளில் கொடுக்கு இல்லை, வளைவில் மெலிவு இல்லை. எல்லாக் கோடும் ஒரே கனம். தடித்த எழுத்தைச் சாய்த்தால் விழப்போவது போலத் தெரியும். அதனால் எழுத்துக்குள் இருக்கும் உள்வெளியை ஒடுக்கி, அடியை அகட்டினார். எவ்வளவு சாய்வு என்று ஹுஸைன் சொல்லவில்லை. பளீலின் கை யோசிக்காமல் ஒரு கோடு போட்டது. அது சரியாகவே இருந்தது.

பலகைகள் வீட்டிலேயே கிடந்தன. மனைவி றலியாவின் கபுறுக் குழிக்கு அறுத்ததில் மிஞ்சியவை. குழிக்குள் இறங்கி, அவளுக்கு மேலாகப் பலகைகளைச் சாய்த்து அடுக்கியது அவர்தான். மிஞ்சியதைப் பள்ளிவாசலில் விட்டுவிடுவார்கள், அடுத்த மையித்தை அடக்க உதவும். அன்று வெறுங்கையோடு இந்த வீட்டுக்குத் திரும்ப அவரால் முடியவில்லை. தோளில் தூக்கி வந்துவிட்டார்.

மகள் பாயிஸா கம்பளையிலிருந்து வந்து சோறாக்கிக் கொடுத்தாள். பலகை எங்கே கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை.

"எங்களோட வந்து இரிங்க வாப்பா. இந்த ஊட்ல தனியா என்ன செய்யப் போறீங்க?"

"வேல முடியட்டும் மகள்."

"முடிஞ்சா இன்னொண்டு எடுப்பீங்க. உம்மா சும்மாவா சொன்னாங்க, ஒங்களுக்கு மரம்தான் மூத்த பொஞ்சாதி எண்டு."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழம அஸர் தொழுகைக்குப் பொறகு வாறன். பெட்டி கட்டி வைங்க. இந்த முற விட்டுட்டுப் போக மாட்டன்."

"சரி மகள்."

உண்மையாகவே போக விரும்பினார். இன்னொருவர் இருமும் சத்தம் கேட்கிற வீட்டில் படுக்க விரும்பினார்.

அவள் போன பின் மழை பிடித்தது. ஓட்டிலிருந்து வழிந்த நீர் வாசலில் குழி பறிக்கும் சத்தமும், சுவரில் சாத்திய எழுத்துகளில் காயாமல் கிடந்த வர்ணத்தின் எண்ணெய் வாசனையும், அதன் பின்னால் மையித்துக்குத் தூவும் கற்பூரமும், கற்பூரத்துக்கும் பின்னால் புதிதாகக் கிளறிய மண்ணின் குளிர்ந்த வாசனையும் அறைக்குள் மெல்ல நிறைந்தன. இடைக்கிடை மரம் நெரிந்தது. பாயில் யாரோ புரண்டு படுப்பது போல.

மறுநாள் காலையில் தகரத்துக்கும் மரத்துக்கும் இடையில் விரல் நுழைந்தது.

வியாழக்கிழமை பார்க்க வந்த ஹுஸைன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நானா, ஓடச் சொன்னேன். படுக்கச் சொல்லல்ல."

தானே சிரித்தார். பிறகு மூக்கைச் சுளித்தார்.

"என்ன வாசம் இது?"

"வர்ணம்."

ஹுஸைன் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே வரவே இல்லை.

அன்று மாலை பளீல் எழுத்துகளைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். முதுகுப்புறம் எதிர்ப்பக்கம் பார்த்தாலும் சாய்வு அதேதான். அந்தச் சாய்வைத் தன் கை எங்கே பழகியது என்று அப்போது புரிந்தது. நெஞ்சளவு குழி. ஈர மண். கடைசிப் பலகையை வைக்கும்போது வெள்ளைத் துணியின் மேல் விழுந்த தன் நிழல்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையிலிருந்து திரும்பியதும் பெட்டியைக் கட்டினார். மழை இருட்டு. எழுத்துகள் மறுபடி அறையைப் பார்த்திருந்தன. பெட்டியை எடுக்கப் போனவர், நின்று, தகரத்தை எடுத்து அருகிலிருந்த எழுத்தில் வைத்தார்.

பொருந்தியது.

நிம்மதி ஒரு கணம். பிறகு தகரத்தைப் பார்த்தார். தகரமும் சாய்ந்திருந்தது.

கதவு நிலை சாய்ந்திருந்தது. விளக்கின் சுடர் சாய்ந்திருந்தது. அவர் நிமிர்ந்துதான் நடந்தார். ஆனால் வலது தோள் தரையில் பட்டது. வலது கன்னம். தரை சீமெந்து அல்ல.

மரம் நெரிந்தது. மேலே. ஒன்றன்பின் ஒன்றாக. விளிம்போடு விளிம்பு. எழுத்துகளின் உள்வெளிகளும் மூடிக்கொண்டன.

தட்டும் சத்தம். அதுவும் மேலிருந்து.

"வாப்பா?"

வாயைத் திறந்தார். மண்.

"கதவத் தொறங்க வாப்பா. ரயிலுக்கு நேரமாகுது."

தட்டினாள். மறுபடி தட்டினாள். பிறகு அவளுடைய காலடி அவர் தலைக்கு மேலாக நடந்து விலகிப் போயிற்று.

இருட்டு. மழை கூட இல்லை.

முகத்துக்கு மிக அருகில் கற்பூர வாசனையோடு துணி உரசியது. இடம் போதாமல் கிடந்த யாரோ, அவருக்காகச் சற்று ஒதுங்கிப் படுத்தார்.