செருக்கு நீக்கம்

செருக்குமானி வைகுந்தனின் நாவலை நாலு நிமிடத்தில் படித்து முடித்தது. எழுநூறு பக்கமும் சிவப்பு. எழுதியவர் தன்னைத் தானே வியந்துகொண்டு எழுதிய வரிகளை அது சிவப்பாக்கிக் காட்டும். பத்து விழுக்காட்டுக்கு மேல் சிவந்தால் எந்தப் பதிப்பகமும் அச்சிடக் கூடாது என்பது சட்டம். வாசகர்களே போராடி வாங்கிய சட்டம்தான். எழுத்தாளர்களின் பீற்றல் அவ்வளவு அலுத்துப் போயிருந்தது.

"அதிகச் சிவப்பு எங்க தெரியுமா சார்? முன்னுரையில," என்றார் பதிப்பாசிரியர் கனகவல்லி. "'அடியேனின் சிறு முயற்சி, பிழை பொறுத்தருள்க'ன்னு எழுதியிருக்கீங்களே, அது நூத்துக்கு நூறு."

வைகுந்தனின் முகம் சுண்டிப்போயிற்று. ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் போன மகன் கதிரவனைப் பற்றிய நாவல் அது. ஏழு வருட உழைப்பு. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி.

"வேற வழியே இல்லையா?"

"செருக்கை நீக்கிக்கோங்க. பத்து நிமிஷம்தான், வலிக்காது. அப்புறம் எழுதினதை நீங்களே திருத்திடுவீங்க. புதுசா எழுதறதும் சிவக்காது."

நீக்கிக்கொண்டார். மருத்துவமனையில் அவர் மூளையில் 'நான்' என்று நிமிரும் இடத்தை உறங்க வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவர் சாந்தமாக இருந்தார். சாம்பாரில் உப்பில்லை என்றுகூடச் சொல்லவில்லை. மனைவி திலகா மகிழ்ந்துதான் போனாள், முதல் ஒரு வாரம்.

மூன்றாம் மாதம் பொறுக்க முடியாமல் கேட்டாள். "ஏங்க, அந்தக் கடைசி அத்தியாயம்?"

"எதுக்கு திலகா?"

"எதுக்கா? என் பிள்ளையை உலகமே தெரிஞ்சுக்கணும், அவனை மாதிரி ஒருத்தன் பொறக்கலைன்னு சொல்லிச் சொல்லி அழுவீங்களே!"

"தினமும் எத்தனையோ பிள்ளைங்க சாகுது. நம்ம பிள்ளை மட்டும் என்ன உசத்தி?"

குரலில் துளியும் கடுமை இல்லை. உண்மையைத்தான் சொன்னார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. செத்த பிள்ளையை இத்தனை வருடம் தூக்கி நிறுத்தியிருந்தது அந்தப் பாழாய்ப்போன செருக்குதான் என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

மறுநாளே அவரை மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். "பழையபடி ஆக்கிடுங்க டாக்டர். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"தாராளமா. அஞ்சு நிமிஷ வேலை. ஆனா சாரே விரும்பிக் கேக்கணும், அவரே கையெழுத்துப் போடணும்." மருத்துவர் தயங்கினார். "பதினோரு வருஷமா இந்தப் படிவம் இருக்கும்மா. இதுவரைக்கும் ஒருத்தர்கூடப் போட்டதில்லை."

திலகா பேனாவைக் கணவர் கையில் திணித்தாள். வைகுந்தன் படிவத்தைப் பொறுமையாக முழுவதும் படித்தார். பிறகு பேனாவை மூடி அவளிடமே கொடுத்தார்.

"எனக்கு எதுக்கு இதெல்லாம்? யாராவது எழுதறவங்களுக்குப் பண்ணச் சொல்லு."